இடித்தேவன் வேரும் என் மச்சானும்

ஹாங்காங்கில் மேற்கே போகிற டிராம் வண்டியில் ஏறிவிட்டால், எங்கே இறங்குவது என்று யாரையும் கேட்க வேண்டாம். மூக்கு சொல்லிவிடும். சென்ட்ரல் ஏரியா வரைக்கும் ஸென்ட் வாசனை, ஏ.ஸி. வாசனை, பாங்க் வாசனை. ஷியூங் வான் தாண்டியதும் காசிமேடு! காய்ந்த மீன், காய்ந்த இறால், காய்ந்த சிப்பி, பெயர் தெரியாத இன்னும் ஏதேதோ காய்ந்ததுகள். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கி ஒரு சந்து திரும்பினால் கருவாடு விலகி, சட்டென்று நம் ஊர் நாட்டு மருந்துக் கடை வாசனை. பட்டை, அதிமதுரம், பழைய சாக்கு, கொஞ்சம் கற்பூரம்.

அதுதான் கோ ஷிங் தெரு. நூறு கெஜம் நடப்பதற்குள் நூறு வியாதிக்கு மருந்து வாங்கிவிடலாம். நடக்க முடியாதவர்களுக்கும் மருந்து உண்டு. நான் போனது அவர்களில் ஒருத்தனுக்காக.

முதலில் டிராம் பற்றி ஒரு வார்த்தை. 1904-லிருந்து ஓடுகிறது. எல்லாமே மாடி வண்டி. மணியடித்துக்கொண்டே போவதால் ஊர்க்காரர்கள் 'டிங் டிங்' என்கிறார்கள். பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். நம்ம ஊரில் இந்த சிஸ்டத்தைக் கொண்டு வந்தால் ஜன்னல் வழியாக இறங்குவார்கள். மேல்மாடியில் முன் ஸீட் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். துணி காயப்போட்ட ஃப்ளாட், நியான் போர்டு, தெருவோர வாத்துக் கடை எல்லாம் முகத்துக்கு நேரே வந்து விலகும்.

2024 நவம்பரில் போனேன். அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மதுரைக்கார நண்பன் எட்டு வருஷமாக "வாடா, வாடா" என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தான். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததும் போய்விட்டேன். ஊர் சுற்றுவதுதான் திட்டம். ஆனால் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மச்சானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பழுப்புக் காகித பாக்கெட். அதன் மேல் சிவப்பு மையில் மூன்று சீன எழுத்துக்கள்.

மச்சான் என்றால் என் மாமா பையன். வயது 34. தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் உத்தியோகம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்தவனுக்கு விரல் மடங்கவில்லை. சட்டைப் பட்டனைத் தங்கச்சிதான் (அவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை) போட்டுவிட வேண்டியிருந்தது. பைக்கில் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். மறுநாள் காலை மறுபடி விறகு. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து 'ருமட்டாய்டு' என்றார். முடக்குவாதம். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்தம் கொடுத்து டெஸ்ட் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"ஆயுசு பூரா மாத்திரையாடா? எனக்கு என்ன எழுபது வயசா?" என்று என்னிடம் கேட்பான். நான் டாக்டரா, பதில் சொல்ல? பி.காம்.

இந்த நிலைமையில், வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு தெரிந்தவர் அந்தப் பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறார். "சீனாக்காரன் வேருப் பொடி. காலையிலும் ராத்திரியும் வெந்நீரில் ஒரு ஸ்பூன்." மச்சான் ஆரம்பித்தான். மூன்றாவது நாள் வலி போயிற்று! பன்னிரண்டாவது நாள் பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணி பீச் வரை போய்விட்டு வந்தானாம். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் ஃப்ரிட்ஜ் மேலே ஏறிவிட்டன.

"அது என்ன வேருன்னு மட்டும் விசாரி மச்சான். அசல் சரக்குன்னா ஒரு கிலோ வாங்கிட்டு வந்துடு. பணம் ஜி.பே. பண்றேன்."

* * *

கோ ஷிங் தெருவில் எல்லாக் கடைக்கும் ஒரே முகம். வாசலில் சாக்கு மூட்டைகள், உள்ளே சுவர் முழுக்க மர டிராயர்கள். ஒவ்வொரு டிராயருக்குள்ளும் இரண்டு, மூன்று அறை. வெளியில் சில கடைகளில் பெயர்கூட எழுதியிருக்காது. பெரியவர் கையை நீட்டுவார், டிராயர் வெளியே வரும், ஒரு பிடி அள்ளுவார், சரியாக இருக்கும். நிறுப்பதற்குத் தட்டு தொங்குகிற சின்னக் கோல் தராசு. அந்தக் காலத்தில் நம் ஊரில் வெள்ளிக்கோல் என்பார்களே, அதன் பங்காளி. கிலோ, கிராம் இருந்தாலும் இவர்கள் நாக்கில் வருவது 'லியோங்' கணக்கு. ஒரு லியோங் 37.8 கிராம். நம்ம சித்த வைத்தியர்களின் பலம் 35 கிராம். அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கிறது.

குச்சியில் சிலுவை போல் விரித்து ஒட்டிய பெரிய பல்லி ஜோடி ஜோடியாகத் தொங்கியது. "ஆஸ்துமாவுக்கு" என்றான் நண்பன். அதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் கடல்குதிரை, மான் கொம்பு வில்லை. ஜின்ஸெங் வேர்களைப் பட்டுத்துணி விரித்த பெட்டியில் நகை மாதிரி வைத்திருந்தார்கள். விலையும் நகை மாதிரிதான்.

ஒரு சாக்கில் கரடுமுரடான கிழங்குத் துண்டுகள். எங்கேயோ பார்த்த முகம். பறங்கிப்பட்டை! நம்ம சித்த மருந்துக் கடைகளில் தோல் வியாதிக்கும் மூட்டு வலிக்கும் சூரணமாகக் கொடுக்கிறார்களே, அதே இனம். அதன் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் 'சீனா வேர்' என்று கப்பலில் ஏற்றி கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். 1563-ல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் மருந்துப் புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு. கொண்டு வந்தவன் பறங்கி என்பதால் நாம் பறங்கிப்பட்டை என்று பெயர் வைத்துவிட்டோம். சீனாக்காரன் வேருக்குப் போர்த்துக்கீசியன் பெயர், குடிப்பது தமிழன்!

நம் வீடுகளில் சீன வைத்தியம் ஒன்றும் புதிதில்லை. பாட்டி இடுப்பில் செருகி வைத்திருந்த கோடாலித் தைலம்? சிங்கப்பூரில் ஒரு சீனர் 1928-ல் ஆரம்பித்த கம்பெனியின் சரக்கு. புலி மார்க் தைலம், ரங்கூனில் இருந்த சீனக் குடும்பத்தின் தயாரிப்பு. ஜலதோஷத்துக்கும் தலைவலிக்கும் ஜாதி மதம் பார்க்காமல் தேய்த்துக்கொண்டோம். ஆனால் தோலுக்கு மேலே தேய்ப்பது வேறு. உள்ளே விழுங்குவது வேறு.

நடுவில் ஒரு கஷாயக் கடை. பளபளவென்ற பித்தளை அண்டாவில் 'இருபத்து நாலு சுவை' என்று ஒரு கஷாயம். ஒரு கிண்ணம் வாங்கினேன். இருபத்து நாலும் கசப்பு. நிலவேம்பு இதன் முன்னால் ரோஸ்மில்க். பக்கத்தில் டை கட்டிய ஆபீஸ் பையன் ஒருவன் அதை மடக்கென்று குடித்துவிட்டு வாயைக்கூடத் துடைக்காமல் போனான்.

* * *

நண்பனுக்குத் தெரிந்த சீன வைத்தியர் ஒருவர் தெருக்கோடியில் மருந்துக் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். சுவரில் கண்ணாடி போட்ட பதிவுச் சான்றிதழ். ஹாங்காங்கில் 1999-ல் சீன மருத்துவத்துக்கென்று தனிச் சட்டமே கொண்டு வந்துவிட்டார்கள். வைத்தியர் பதிவு செய்திருக்க வேண்டும். கொடிய விஷமுள்ள 31 சரக்குகளைப் பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் நம்ம சித்தர்கள் எழுதினது மாதிரி இருக்கிறது. சுத்தி செய்யாத நாவி, எட்டிக்கொட்டை, பாதரசம், சாதிலிங்கம், பாஷாணம்!

"ஸின்ஸாங்" என்று நண்பன் மரியாதையாகக் கூப்பிட்டான். சார், ஐயா, வாத்தியார் மூன்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதானாம்.

பெரியவர் என்னைத்தான் நோயாளி என்று நினைத்தார். மறுப்பதற்குள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துவிட்டார். கண்ணை மூடினார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கான்டனீஸில் நீளமாக ஏதோ சொன்னார். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னடா?"

"ராத்திரி லேட்டா தூங்கறே, டீ ஜாஸ்தி குடிக்கறே, காலையில சரியா போறதில்லைங்கறார்."

மூன்றும் நிஜம். ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிற யார் கையைப் பிடித்துப் பார்த்தாலும் இதைச் சொல்லலாமே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, செல்போனில் மச்சானின் பாக்கெட்டைக் காட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டார். மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். "லொய் கோங் தாங்." பீக்கிங் பாஷையில் லெய் கோங் தெங். அர்த்தம், இடித்தேவன் கொடி.

"மூட்டு வலிக்குத்தானே?" என்று கேட்டேன்.

ஆமாம். தென் சீன மலைகளில் படர்கிற கொடி. சீன வைத்தியத்தில் மூட்டு வலிக்குக் காரணம் காற்று, குளிர், ஈரம். (நாம் 'வாதம்' என்பதும் காற்றைத்தானே!) அதை விரட்டும் மருந்துகளில் இது முரட்டு மருந்து. வேரின் மேல்பட்டையை முழுசாகச் சீவி எறிந்துவிட்டு உள்கட்டையை மட்டும் வெகு நேரம் கொதிக்க வைப்பார்கள். இலை, பூ, இளந்தளிர், பட்டை எல்லாம் விஷம். தோட்டக்காரர்கள் காய்கறிப் பூச்சி கொல்ல இதைத்தான் பொடித்துத் தூவுவார்கள். இந்த இனக் கொடியின் பூவிலிருந்து எடுத்த தேனைச் சாப்பிட்டு ஆட்கள் செத்ததும் சீனாவில் உண்டு.

நம் வாலுளுவையும் இந்தக் கொடியும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் வாலுளுவைத் தைலம் தேய்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஒரே குடும்பத்தில் வாத்தியாரும் இருப்பார், ரவுடியும் இருப்பான்.

பெரியவர் மூன்று கேள்வி கேட்டார். வயசு என்ன? எத்தனை நாளில் வலி போயிற்று? குழந்தை இருக்கிறதா?

"34. மூணாவது நாள். இன்னும் இல்லை."

முதல் பதிலுக்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு நெற்றியைச் சுருக்கினார். மூன்றாவதற்குப் பேனாவையே கீழே வைத்துவிட்டார்.

* * *

இந்தக் கொடியைப் பற்றி அன்று ராத்திரி நண்பன் வீட்டில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். அவன் தயிர்சாதம் பிசைந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

நான் நினைத்தது போல் இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யப்பட்ட சரக்கு. 1972-ல் குப்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது இதிலிருந்து 'ட்ரிப்டோலைட்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். முடக்குவாதத்தில் நடப்பது என்ன? நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புப் படையே நம் மூட்டைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கேஸ். இந்தக் கொடி அந்தப் படையை அடக்கி உட்கார வைக்கிறது. (வயதாகி முட்டி தேய்வது வேறு வியாதி. உங்கள் மாமியார் முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

மருந்தைப் பரிசோதிப்பது எப்படி? 'எங்க சித்தப்பாவுக்குச் சரியாச்சு' என்பது பரிசோதனை இல்லை. சித்தப்பாவுக்கு மருந்து சாப்பிடாமலேகூடச் சரியாகியிருக்கலாம். முடக்குவாதம் தானாகவே ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போது மருந்து தேடுகிறோம். இறங்கும்போது மருந்துக்கு மாலை போடுகிறோம். அதனால் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு கட்சியாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்சிக்குப் புது மருந்து, இன்னொன்றுக்குப் பழைய மருந்து. வீங்கிய மூட்டு எத்தனை, வலிக்கும் மூட்டு எத்தனை என்று எண்ண வேண்டும். ஆடிட்டிங் மாதிரிதான். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது.

அமெரிக்காவில் இப்படிச் செய்த பரிசோதனை 2009-ல் வெளிவந்தது. 121 முடக்குவாத நோயாளிகள், 24 வாரம். ஒரு கட்சிக்கு இந்தக் கொடி வேரின் சாறு, அளவு பார்த்துத் தயாரித்தது. மற்ற கட்சிக்கு 'ஸல்ஃபாஸலஸின்' என்ற வழக்கமான மாத்திரை. மூட்டு நிலைமை குறைந்தது 20 சதவிகிதம் தேறினால் பாஸ் மார்க். வேர்க் கட்சியில் நூற்றுக்கு 65 பேர் பாஸ். மாத்திரைக் கட்சியில் 33 பேர். சீனாக்காரன் வேர் டபுள் மார்ஜினில் ஜெயித்துவிட்டது! ஆனால் அடியில் இருக்கிற பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். வேர்க் கட்சியில் 62 சதவிகிதம் பேர்தான் கடைசி வரை இருந்தார்கள். மாத்திரைக் கட்சியில் 41 சதவிகிதம். பாதி கிளாஸ் எழுந்து போன பிறகு போட்ட மார்க் அது.

அடுத்தது பீக்கிங்கின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமையில் நடந்து 2014-ல் வெளியானது. 207 பேர், மூன்று கட்சி. டாக்டர்கள் முதலில் எழுதுகிற மெத்தோட்ரெக்ஸேட் மட்டும், வேர் மாத்திரை மட்டும், இரண்டும் சேர்த்து. இங்கே பாஸ் மார்க் 50 சதவிகிதத் தேற்றம். 24 வாரத்தில் மெத்தோட்ரெக்ஸேட் நூற்றுக்கு 46, வேர் 55, இரண்டும் சேர்ந்தால் 77. குறை என்னவென்றால், யாருக்கு எது கொடுக்கிறோம் என்பது நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். எக்ஸாம் ஹாலில் புத்தகம் திறந்திருந்த மாதிரி.

எப்படிப் பார்த்தாலும் வரவுப் பக்கம் பலமாகவே இருக்கிறது. பி.காம். படித்தவன் உடனே என்ன செய்வான்? பற்றுப் பக்கத்தைத் திருப்புவான்.

வயிற்றுப்போக்கு, வாந்தி. முடி கொட்டுவது. ரத்த வெள்ளணு குறைவது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அடி. பெண்களுக்கு மாதவிலக்கு நின்று போவது. சில பேருக்குத் திரும்பி வருவதே இல்லை. ஆண்களுக்கு? இளைஞர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். ஆண்களுக்கு விந்தணு குறையும், நீந்தாது. 1980-களிலேயே சீன டாக்டர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். மூட்டு வலிக்கு இதைச் சாப்பிடுகிற ஆண்களுக்குக் குழந்தை உண்டாவதில்லை. கவனித்த கையோடு, 'அப்படியானால் இதையே ஆண்களுக்கான கர்ப்பத்தடை மருந்தாக்கினால் என்ன?' என்று ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். 2021-ல் இந்தக் கொடியிலிருந்தே எடுத்த இன்னொரு பொருளை எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்து, சாப்பிடும் வரை குட்டி இல்லை, நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி என்று கட்டுரை எழுதினார்கள்.

சீன அரசாங்கமே 2012-ல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. குழந்தைகளுக்குக் கூடாது, கர்ப்பிணிக்குக் கூடாது, குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் வயதினருக்குக் கூடாது.

பெரியவர் ஏன் பேனாவைக் கீழே வைத்தார் என்பது அப்போது விளங்கியது.

* * *

அவருடைய இரண்டாவது கேள்வியையும் மறந்துவிட வேண்டாம். எத்தனை நாளில் வலி போயிற்று?

"மூணு நாள்ல இந்த வேர் வேலை செய்யாது. வாரக் கணக்கு ஆகும்" என்றார் (நண்பன் வழியாக). "பாக்கெட் மேலே எழுத்து சரியா இருக்கு. உள்ளே இருக்கறது எழுத்து இல்லையே."

மூட்டு வலிப் பொடிகளில் இது பழைய தில்லுமுல்லு. 1975-லேயே அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஹாங்காங்கிலிருந்து போன 'மூலிகை' மூட்டு வலி உருண்டைகளைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்த வெள்ளணு அடியோடு குறைந்தது. உருண்டையைச் சோதித்தால், லேபிளில் சொல்லாத இங்கிலீஷ் வலி மருந்துகள் உள்ளே! பிற்காலத்தில் ஸ்டீராய்டு கலந்த உருண்டைகளும் பல நாடுகளில் பிடிபட்டன. மூலிகை என்று நினைத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவனுக்கு வலி மாயமாகப் பறக்கும். பின்னாலேயே சர்க்கரை வரும், பிரஷர் வரும், எலும்பு கரையும். மாசக் கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதைச் செய்கிறவர்கள் சீனாவில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கும் விபத்தும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் போயிற்று. மருந்தில் 'ஃபாங் ஜி' என்ற வேர் இருக்க வேண்டும். இதுவும் மூட்டு வலி வேர்தான். வந்து சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஒரு சொல்தான் அதிகம், செடியோ வேறு. நம்ம ஆடுதின்னாப்பாளையின் உறவு. சிறுநீரகத்துக்கு எமன்.

அதற்காகச் சீன மூலிகை எல்லாம் விஷம், எல்லாம் மோசடி என்று கட்சி கட்டவும் முடியாது. மலேரியாவுக்கு இன்று உலகமே கொடுக்கிற ஆர்ட்டிமிஸினின், சீனப் பழைய வைத்தியச் சுவடியில் இருந்த ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டெடுத்த டூ யூயூ அம்மாவுக்கு 2015-ல் நோபல் பரிசு. அந்த அம்மா செடியைக் கும்பிட்டுக் குடிக்கச் சொல்லவில்லை. வேண்டிய பொருளைப் பிரித்தெடுத்து, அளந்து, முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

கோ ஷிங் தெருவிலிருந்து கொஞ்சம் மேடேறினால் துங் வா ஆஸ்பத்திரி இருக்கிறது. 1870-ல் தொடங்கியபோது அங்கே சீன வைத்தியம் மட்டும்தான். 1894-ல் பிளேக் வந்து ஊரே சாகத் தொடங்கியதும் பெரிய சண்டை, பிறகு சமாதானம். இங்கிலீஷ் வைத்தியமும் உள்ளே வந்தது. இங்கே இரண்டும் ஒரே குடையின் கீழ்ப் பழகிவிட்டன. அந்தப் பெரியவரே என்ன சொன்னார் தெரியுமா? "உன் ஆளை அவன் டாக்டர்கிட்டே போகச் சொல்லு. பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. என்ன சாப்பிட்டேன்னு மறைக்கக் கூடாது."

ஃபீஸ் கேட்டேன். என் நாடி பார்த்ததற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

* * *

மறுநாள் டிராம் மேல்மாடியிலிருந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

"எங்கேடா இருக்கே?"

"ஆபீஸ்ல. சொல்லு, அசல் சரக்கா?"

"தனியா வா. பக்கத்துல யாரும் வேண்டாம்."

மாடிப்படிக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். வரவு, பற்று இரண்டும். ஸ்டீராய்டு சந்தேகம் என்றபோது, "வலி போச்சேடா" என்று வாதாடினான். விந்தணு விஷயத்துக்கு வந்ததும் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு வருஷம். அத்தை போகாத கோயில் இல்லை. தங்கச்சிக்கு இரண்டு முறை ஸ்கேன் ஆகிவிட்டது. மாதா மாதம் யாராவது ஒரு சொந்தக்காரர் 'விசேஷம் உண்டா?' என்று அவளைத்தான் கேட்பார். மச்சானை இதுவரை ஒரு டெஸ்ட்டுக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. முடக்குவாத டாக்டரிடமும் அவன் குழந்தை ஆசையைப் பற்றி வாய் திறந்ததில்லை. "மூட்டு டாக்டர்கிட்ட எதுக்குடா அதெல்லாம்?" என்பான்.

எதுக்கு என்றால் இதுக்குத்தான். சீன வேர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அதோடு போட்டி போட்ட ஸல்ஃபாஸலஸினும் சாப்பிடும் வரை விந்தணுவைக் குறைக்கக்கூடியதே. டாக்டருக்குச் சொன்னால் அதற்கேற்ற மருந்தாகப் பார்த்து எழுதுவார். சொல்லாவிட்டால் அவர் என்ன நாடியில் கண்டுபிடிப்பாரா?

"சரி, நாளைக்கே போறேன்" என்றான் கடைசியில். கொஞ்சம் இருந்து, "அவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

போனான். டாக்டர் திட்டவில்லையாம், அதுதான் அவனுக்கு ஆச்சரியம். பாக்கெட்டைப் பார்த்து, மோந்து, ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டார். பார்வையிலேயே எது என்று சொல்ல முடியாது, ஆனால் மூன்று நாளில் வலி போனதைப் பார்த்தால் ஸ்டீராய்டு வாடை அடிக்கிறது என்றார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, அவனுக்கு எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. நாள் குறைவு என்பதால் பொடியை அவர் மேற்பார்வையிலேயே நிறுத்த முடிந்தது. ஒரு வாரத்தில் பழைய வலி வட்டியோடு திரும்பி வந்தது. குழந்தை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மாத்திரையை மாற்றி எழுதினார். மச்சானுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அது வெடித்த கதையைத் தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

இப்போது மச்சான் பத்து விரலில் எட்டு விரலை முழுசாக மடக்குகிறான். சட்டைப் பட்டன் அவனே போட்டுக்கொள்கிறான், மேல் பட்டன் மட்டும் தங்கச்சி. மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலேயிருந்து இறங்கி டைனிங் டேபிளுக்கு வந்துவிட்டது. மாதாமாதம் 'விசேஷம் உண்டா?' என்று கேட்பவர்களுக்குத் தங்கச்சி பதில் சொல்வதில்லை. "அவரைக் கேளுங்க" என்று மச்சான் பக்கம் கை காட்டிவிடுகிறாள்.

கோ ஷிங் தெருவிலிருந்து நான் வாங்கி வந்தது ஒரே ஒரு பொருள். அத்தைக்கு முட்டியில் தேய்க்க, சீன எழுத்துப் போட்ட ஒரு தைல பாட்டில். இரண்டு நாள் தேய்த்துப் பார்த்துவிட்டு அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்:

"பரவாயில்லைடா. ஆனா கோடாலித் தைலம் மாதிரி வராது!"